உப்புத் தண்ணீரும் தலையெழுத்தும்

நமது ஜனங்களிடத்தில் எந்தக் கஷ்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் அதற்கு ஒரு சமாதானம் முன்கூட்டியே தயாராக இருக்கின்றது. மழை இல்லையென்றால் அது ஊரார் செய்த பாவம். பிள்ளைக்கு அம்மை வார்த்தால் அது ஆத்தாள் கோபம். அதுபோலவே, குழாயில் வரும் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, அண்டாவும் வாளியும் வெள்ளை பூத்துப் போகின்றன என்று சொன்னால், “எங்கள் ஊர்த் தண்ணீர் வாகு அப்படி, அதற்கு யார் என்ன செய்ய முடியும்?” என்று சொல்லிவிட்டு மறுபடியும் குடத்தை எடுத்துக் கொண்டு போய்விடுகின்றார்கள். தலையெழுத்து என்று ஒன்றைக் கண்டுபிடித்தவன் மனிதனுக்குச் செய்த பெரிய கெடுதி என்னவென்றால், கேட்க வேண்டிய இடத்தில் கேள்வி கேட்காமலிருக்கும்படி செய்து விட்டதேயாகும்.

தண்ணீரின் வாகு என்பது தலையெழுத்து அல்ல. அது நிறுத்துப் பார்க்கக் கூடியதும், அளந்து சொல்லக் கூடியதும், பெரும்பாலும் மாற்றக் கூடியதுமான ஒரு விஷயமாகும். இதை நமது வாசகர்கள், அதிலும் முக்கியமாகக் கிராமத்துப் பெண்மக்கள், நன்றாய் அறிந்துகொள்ள வேண்டுமென்பதே நாம் இதை எழுதப் புகுந்ததின் நோக்கமாகும்.

தண்ணீரில் இருப்பது என்ன?

தேனி ஜில்லா, பெரியகுளம் தாலூகாவில் உள்ள ஜெயமங்கலத்தை எடுத்துக் கொள்வோம். கொடைக்கானல் மலைச்சாரலில் பிறந்து, சோத்துப்பாறை அணையில் தேங்கி, பெரியகுளம், வடுகபட்டி, மேல்மங்கலம் வழியாக வருகின்ற வராக நதி அந்த ஊர்ப் பக்கமாய்ப் போய் வைகையில் சேருகின்றது. மலையில் பெய்த மழை சொற்ப நாளைக்குள் பாறைமேல் ஓடி வந்து சேருவதால் ஆற்றுத் தண்ணீர் மிருதுவாக இருக்கின்றது. ஆனால் அதே ஊரில் ஆழமாய்ப் போர் போட்டு எடுக்கின்ற தண்ணீர் அப்படிப்பட்டதல்ல. அந்தப் பக்கத்துப் பூமி கருங்கல் பூமி. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் அழுகிய இலைகளும் விடுகின்ற கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சற்றுப் புளிப்பேறுகின்றது. அந்தப் புளிப்பானது பாறையிலும் சுக்கான் கல்லிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைத்து எடுத்துக் கொள்ளுகின்றது. பாறை வெடிப்புக்குள் எவ்வளவு காலம் தங்கியிருக்கின்றதோ அவ்வளவுக்குச் சுண்ணாம்பும் சேருகின்றது. இவ்வளவுதான் விஷயம். இதில் ஊரார் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

நாம் அதை “உப்புத் தண்ணீர்” என்று பெயர் வைத்து அழைக்கின்றோமே ஒழிய, சமையலையும் சலவையையும் கெடுப்பது பெரும்பாலும் அந்தத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பேயாகும். படித்தவர்கள் இதைக் கடின நீர் என்கின்றார்கள். இந்தியத் தர நிர்ணயக் கழகத்தார் 2012-ல் வெளியிட்ட குடிநீர் அளவுப்படி, ஒரு லிட்டர் தண்ணீரில் இந்தக் கடினம் 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை சகித்துக் கொள்ளலாம். அதற்கு மேற்பட்டால் வேறு வழி தேட வேண்டும். ஆகவே “உப்பாக இருக்கின்றது” என்று முகத்தைச் சுளிப்பதோடு நிற்காமல், “எத்தனை மில்லிகிராம்?” என்று கேட்கப் பழகுவதே முதல் காரியமாகும்.

வீட்டில் நடக்கும் நஷ்டம்

இந்தச் சுண்ணாம்பு ஒரு குடும்பத்துக்குச் செய்யும் நஷ்டத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நாம் சற்றுப் பார்ப்போம். ஒரு தண்ணீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். சோப்பு அந்தத் தண்ணீரில் பட்டவுடன் அழுக்கை எடுக்கப் போவதில்லை. முதலில் அது சுண்ணாம்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு பிசுக்காகத் திரிந்து விடுகின்றது. சுண்ணாம்பெல்லாம் தீர்ந்த பிறகுதான் நுரை வரும். ரசாயனக் கணக்குப்படி பார்த்தால் 15 லிட்டர் குடம் ஒன்றிலுள்ள சுண்ணாம்பு முழுவதும் தீருவதற்கே சுமார் 36 கிராம் சோப்பு வீணாக வேண்டும். துணியில் சாம்பல் நிறமாய் ஏறுவதும், தலையில் பிசுபிசுப்பாய் ஒட்டுவதும், குளிக்கும் கல்லில் வழுக்குவதும் இப்படித் திரிந்துபோன சோப்புத்தான். கூலிக்காரன் வீட்டுச் சோப்பும், பணக்காரன் வீட்டுச் சோப்பும் ஒரே மாதிரியாகத்தான் திரிகின்றன. ஆனால் கூலிக்காரனுக்கு அது கூலியில் ஒரு பங்கு.

அடுப்பைப் பாருங்கள். கடினத்தில் ஒரு பகுதி தண்ணீர் கொதித்தால் கீழே படிந்துவிடும் வகையைச் சேர்ந்தது. இந்த வகை லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள தண்ணீரைத் தினம் 10 லிட்டர் கொதிக்க வைக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு 3 கிராம் வீதம் வருஷத்தில் ஒரு கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு பாத்திரத்தில் படியக் கூடும். அந்தப் பூச்சு சூட்டைத் தண்ணீருக்குள் விடாமல் தடுக்கின்றது. அதனால் விறகும் கியாஸும் மின்சாரமும் அதிகம் செலவாகின்றன. வெந்நீர் போடும் மின்சாரக் கம்பி சீக்கிரத்தில் கெட்டுப் போவதற்கும் இதுவே காரணம்.

பருப்பு வேகாததற்கும் காரணம் இருக்கின்றது. பருப்பின் அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பசையானது சுண்ணாம்பு சேர்ந்தால் இறுகிப் போகின்றது. எவ்வளவு நேரம் எரித்தாலும் பருப்பு குழையாது. சோறு மஞ்சள் பூப்பதும், தேயிலைத் தண்ணீரின் மேல் ஆடை கட்டுவதும் இதே தண்ணீரின் வேலைதான். ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கின்றது? பருப்பு வேகாவிட்டால் மருமகளுக்குக் கைப்பக்குவம் இல்லை. துணி வெளுக்காவிட்டால் பெண்டாட்டி சோம்பேறி. பாறையிலுள்ள சுண்ணாம்பு செய்த குற்றத்துக்குப் பெண்ணைத் தண்டிக்கின்றோம். தண்ணீர் எடுப்பவளும் அவள், அதில் துவைப்பவளும் அவள், விளக்குபவளும் அவள், திட்டு வாங்குகிறவளும் அவளே. ஆண்மக்களே தினம் பத்துக் குடம் சுமந்து, இரண்டு மணி நேரம் துணி தேய்க்க வேண்டியிருந்தால், இந்தத் தண்ணீர்ப் பிரச்சினை இவ்வளவு காலம் தலையெழுத்தாக இருந்திருக்குமா என்று கேட்கின்றோம்.

பொய்ப் பயமும் அதை விற்கும் வியாபாரமும்

நிற்க, இந்த நஷ்டங்கள் உண்மையென்று சொன்ன வாயாலேயே இன்னொன்றையும் சொல்ல வேண்டியது நமது கடமை. உப்புத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் உண்டாகும் என்றும், தலைமயிர் வேரோடு உதிர்ந்து போகும் என்றும் ஒரு பயம் நாடெங்கும் பரவியிருக்கின்றது. இவற்றுக்கு உறுதியான அத்தாட்சி கிடையாது. உலக சுகாதார ஸ்தாபனத்தார் தண்ணீரின் கடினத்துக்குச் சுகாதாரக் காரணத்தைக் கொண்டு ஒரு வரம்பு விதிக்கவில்லை. தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்புக்கு வேண்டியதுமாகும். கல் உண்டாவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று போதுமான தண்ணீர் குடிக்காமலிருப்பது. வெயிலில் வேலை செய்யும் பெண்கள், ஒதுங்குவதற்கு ஒரு மறைவான இடமில்லை என்பதற்காகவே பகல் முழுவதும் தாகத்தை அடக்கிக் கொள்ளுகின்றார்களே, அதுவல்லவா பயப்பட வேண்டிய விஷயம்? தண்ணீரைப் பழித்துவிட்டுக் கக்கூஸ் இல்லாததை மறந்துவிடுகின்றோம்.

பயம் இருக்கின்ற இடத்தில் வியாபாரி வந்து சேருவது உலக வழக்கம். வீடு வீடாய் வருகின்ற சில யந்திர வியாபாரிகள் செய்து காட்டும் ஒரு வித்தையை நமது வாசகர்கள் பார்த்திருக்கலாம். இரண்டு டம்ளர் வைக்கின்றார்கள். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். மற்றொன்றில் அவர்கள் யந்திரத்துத் தண்ணீர். இரண்டிலும் உலோகக் குச்சிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுகின்றார்கள். சற்று நேரத்தில் உங்கள் தண்ணீர் சாக்கடைபோல் பழுப்பும் கறுப்புமாகத் திரண்டு நாற்றமெடுப்பது போல் ஆகிவிடுகின்றது. அவர்கள் தண்ணீர் பளிங்கு போலவே இருக்கின்றது. “அம்மா, இவ்வளவு அழுக்கையா பிள்ளைக்குக் கொடுக்கின்றீர்கள்?” என்று கேட்டவுடன் தாய் நடுங்கிப் போகின்றாள். தவணைக்காவது யந்திரம் வாங்கிவிட வேண்டியதென்று தீர்மானமாகிவிடுகின்றது.

இது விபூதி வரவழைக்கின்ற சாமியார் வித்தைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அந்த அழுக்கு உங்கள் தண்ணீரில் இருந்ததே இல்லை. அது அந்த இரும்புக் குச்சி கரைந்து வந்த துரு. உங்கள் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் கரைந்திருப்பதால் மின்சாரம் நன்றாய்ப் பாய்கின்றது, குச்சி கரைகின்றது. யந்திரத்துத் தண்ணீரில் உப்பு எடுக்கப்பட்டுவிட்டதால் மின்சாரம் பாய்வதில்லை, குச்சியும் கரைவதில்லை. நம்பாதவர்கள் ஒரு காரியம் செய்யலாம். அந்த வியாபாரியின் சுத்தத் தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடியும் குச்சியை விட்டுக் காட்டும்படி அவரையே கேட்கலாம். மின்சார விஷயமாதலால் நாம் கைவைக்க வேண்டாம், அவரே செய்யட்டும். அவரது பளிங்குத் தண்ணீரும் அதே சாக்கடையாக மாறுவதை ஊரார் கூடியிருந்து பார்க்கலாம். சிட்டிகை உப்பில் பிடிபடுகின்ற புரட்டுக்கு இத்தனை குடும்பங்கள் கடன்படுவது பகுத்தறிவுக்கு அடுக்குமா?

பேனா போன்ற ஒரு சிறு கருவியைத் தண்ணீரில் விட்டு, “பாருங்கள், 800 காட்டுகின்றது” என்று பயமுறுத்துவதும் உண்டு. அக்கருவி கரைந்த உப்புக்களின் மொத்தத்தை மாத்திரம் உத்தேசமாய்க் காட்டும். காலராக் கிருமி நிறைந்த ஆற்றுத் தண்ணீரில் விட்டால் அது குறைந்த எண்ணைக் காட்டி, அதை யோக்கியமான தண்ணீரென்று சொல்லிவிடவும் கூடும்.

உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. யந்திரமே மோசமென்று நாம் சொல்ல வரவில்லை. அதற்கு உதவும் மெல்லிய தோலை 1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் உண்டாக்கிய இருவரில் ஒருவர் நமது நாட்டில் பிறந்த சௌரிராஜன் என்பவரே. ஃபுளோரைடு போன்ற கெடுதலான உப்புக்கள் உண்மையிலேயே அதிகமுள்ள இடங்களில் அது நல்ல உதவி. ஆனால் வீட்டு யந்திரங்களில் பெரும்பாலானவை ஒரு குடம் தண்ணீர் தருவதற்கு இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடையில் விடுகின்றன. குழாய்க்கு வரிசையில் நிற்கின்ற ஊரில் இது நியாயமா? இதனாலேயே, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாய் உப்புக் கரைந்த தண்ணீருக்கு இந்த யந்திரத்தைத் தடை செய்ய விதி செய்யும்படி 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சர்க்காருக்கு உத்தரவிட்டது.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கின்றது?

மிருதுவான தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் என்றும், உப்புத் தண்ணீரெல்லாம் கெட்ட தண்ணீர் என்றும் நினைப்பது பெருந்தவறு. மென்மை வேறு, சுத்தம் வேறு. பல ஊர்களின் ஊடே ஓடி வருகின்ற ஆற்றில் சாக்கடை சேருமானால் அந்தத் தண்ணீர் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் விஷமே. நாக்குக்குப் பிடிக்காத போர்த் தண்ணீர், கிருமி இல்லாதிருந்தால், அதைவிட எவ்வளவோ மேலானது. நாக்கு நீதிபதியல்ல.

1854-ல் லண்டனில் பிராட் தெரு என்ற இடத்திலிருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றி நூற்றுக்கணக்கானவர்கள் காலராவில் மடிந்தார்கள். அந்தப் பம்புத் தண்ணீர் ருசியானது என்று பேர்பெற்றிருந்தது. அந்தத் தெருப்பக்கத்தைவிட்டு எட்டத்தில் குடிபோன ஒரு கைம்பெண், அந்த ருசியை விடமாட்டாமல் தினமும் அங்கிருந்து தண்ணீர் வரவழைத்துக் குடித்துக் காலராவில் இறந்து போனார். ஜான் ஸ்னோ என்ற வைத்தியர், இறந்தவர்கள் வீடுவீடாய் விசாரித்துக் கணக்கெடுத்து, கெட்ட காற்றினால் காலரா வருகின்றது என்ற அக்கால நம்பிக்கையை மறுத்து, தண்ணீரே காரணமென்று காட்டினார். ருசியாலும் நிறத்தாலும் தெரியாதது, விசாரணையால் தெரிந்தது.

அந்நிய தேசம் போக வேண்டாம். பழைய சென்னை மாகாணத்தின் வடக்கு ஜில்லாக்களில் பல்லில் கறை ஏறுவதையும், முதுகும் காலும் விறைத்து மனிதர் முடமாவதையும் ஜனங்கள் விதியென்றே நினைத்திருந்தார்கள். கிணற்றுத் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடே அதற்குக் காரணமென்று 1937-ல் வைத்திய ஆராய்ச்சியாளர்கள் எழுதி வெளியிட்டார்கள். இந்த உப்புக்கு ருசியும் கிடையாது, மணமும் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் இதே கெடுதி வெகுகாலம் இருந்து வந்தது. அதற்குப் பரிகாரமாகப் பரிகார பூஜை உதவவில்லை. காவிரித் தண்ணீரைக் குழாய் வழியாய்க் கொண்டுபோகின்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டதுதான் உதவிற்று. தலையெழுத்து என்று சொல்லப்பட்டதைக் குழாய் அழித்துவிட்டது.

நைட்ரேட்டு என்பது இன்னொன்று. வயலில் கொட்டும் உரத்திலிருந்தும், கக்கூஸ் குழியிலிருந்தும், மாட்டுச் சாணக் குப்பையிலிருந்தும் அது கிணற்றுக்குள் இறங்குகின்றது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளின் ரத்தம் மூச்சுக் காற்றைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கக் கூடும். நன்செயும் தோட்டமும் நிறைந்த ஊர்களில் இதைச் சோதிக்க வேண்டியது அவசியம். இதுவும் நாக்குக்குத் தெரியாது.

தண்ணீர் எதனால் கெடும் என்ற அறிவு இல்லாத தேசத்தில், மனிதன் தொட்டால் கெடும் என்ற நம்பிக்கை மாத்திரம் வெகு பலமாய் இருந்து வந்திருக்கின்றது. 1927 மார்ச்சு 20-ந் தேதி மகாத் என்ற ஊரில் டாக்டர் அம்பேத்கரும் அவரைச் சேர்ந்தவர்களும் பொதுக் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். தீட்டுப்பட்டு விட்டதென்று பதறிய வைதிகர்கள் 108 குடங்களில் பால், தயிர், சாணம், மூத்திரம் இவற்றைக் கலந்து அந்தக் குளத்தில் ஊற்றி மந்திரம் சொல்லிச் “சுத்தம்” செய்தார்கள். மனிதன் கை பட்டது அசுத்தமாம்! சாணமும் மூத்திரமும் விழுந்தது சுத்தமாம்! தண்ணீரின் சுத்தத்தைச் சாஸ்திரத்தைக் கொண்டு முடிவு செய்தால் இதுதான் கதி.

செய்ய வேண்டியது என்ன?

வீட்டில் செய்யக் கூடியவை சில உண்டு. பருப்புக்கு வைக்கும் தண்ணீரை முன்கூட்டியே கொதிக்க வைத்து ஆறவிட்டு, மேல் தெளிவை மாத்திரம் இறுத்து எடுத்தால் படியக்கூடிய சுண்ணாம்பில் பெரும்பகுதி அடியில் தங்கிவிடும். நன்றாய்த் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் கிருமியும் சாகும். துணிக்கு, சோப்புப் போடுவதற்கு முன் சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து விடலாம். மேலே சொன்ன 400 மில்லிகிராம் தண்ணீரில் ஒரு குடத்துக்குச் சுமார் 6 அல்லது 7 கிராம் தூள் சோடா போதும். 36 கிராம் சோப்பு செய்யும் வேலையை அது முன்னதாகவே பெரும்பாலும் செய்துவிடும். சலவைத் தொழிலாளத் தோழர்கள் தலைமுறை தலைமுறையாய் உவர்மண்ணைக் கொண்டு இதையேதான் செய்து வந்தார்கள். எவர்களைக் கீழானவர்கள் என்று தெருக்கோடியில் நிறுத்தினார்களோ, அவர்கள் கையில்தான் இந்த ரசாயன சாஸ்திரம் இருந்தது. சலவைச் சோடா குடிக்கும் தண்ணீருக்கோ சமையலுக்கோ ஆகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தலைக்குச் சீயக்காயும் அரப்பும் கடின நீரிலும் திரியாமல் வேலை செய்யும். வெள்ளை பூத்த பாத்திரத்துக்குப் புளியோ எலுமிச்சையோ போதும். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் மழையை விட்டுவிட்டுச் சுத்தமான கூரையிலிருந்து பிடித்து மூடிவைத்த தண்ணீர் பருப்புக்கும் துணிக்கும் ஆற்றுத் தண்ணீருக்கு ஈடானது. தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டும், பல வீடுகளில் அது சட்டத்துக்காக வைத்த வெறுங்குழாயாய் நிற்கின்றது.

ஆனால் வீட்டு வைத்தியம் ஊர் வியாதியைத் தீர்க்காது. தண்ணீர் பொதுச் சொத்து. அதன் குணமும் பொதுப் பொறுப்பு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தாருக்குத் தண்ணீரைச் சோதிக்கும் பரிசோதனைச் சாலைகள் இருக்கின்றன. 2019-ல் தொடங்கிய ஜல்ஜீவன் திட்டத்தில், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் கொடுப்பதோடு, கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீரைச் சோதிக்கக் கற்றுக் கொடுக்க வேண்டுமென்றும் ஏற்பாடு இருக்கின்றது. மலக்கிருமி கலந்திருக்கின்றதா என்று சிறு புட்டியில் தண்ணீரைப் பிடித்துக் கறுப்பாகின்றதா எனப் பார்க்கும் எளிய சோதனையை நமது நாட்டு ஆராய்ச்சியாளர்களே 1982-ல் வெளியிட்டார்கள். அடுப்படியில் இருக்கும் பெண்ணே பரிசோதனை செய்யலாம் என்ற நிலைமை வந்திருக்கும்போது, அந்த ஐந்து பெண்கள் யார், அவர்கள் கையில் பெட்டி இருக்கின்றதா என்று ஜெயமங்கலத்திலும் மற்ற ஊர்களிலும் கேட்க வேண்டாமா?

கேட்பதற்கு இடமும் நாளும் இருக்கின்றன. ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை கூட வேண்டும். இவற்றில் மார்ச்சு 22 உலகத் தண்ணீர் தினம். அன்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாமல் கீழ்க்கண்டவற்றைக் கேட்க வேண்டும். ஊரிலுள்ள ஒவ்வொரு போருக்கும் கிணற்றுக்கும் கடைசியாய் எந்தத் தேதியில் சோதனை நடந்தது? கடினம், ஃபுளோரைடு, நைட்ரேட்டு, கிருமி இவற்றின் அளவென்ன? அதை எல்லோரும் பார்க்கும்படி ஏன் பலகையில் எழுதி வைக்கக் கூடாது? மேல்நிலைத் தொட்டி எப்பொழுது கழுவப்பட்டது? கடைசித் தெருக் குழாயில் வருகின்ற தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சுகின்றதா? “மருந்து வாடை” அடிக்கின்றதென்று குளோரினை வெறுப்பவர்கள், வாடை இல்லாத காலராவை நினைத்துப் பார்க்க வேண்டும். சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் ஓட்டை இருக்கின்றதா? தண்ணீர் நின்ற நேரத்தில் அந்த ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே போகும். குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகின்றவர், பக்கத்து வீட்டுத் தண்ணீரைத் திருடுவதோடு சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சுகின்றார் என்பதை உணர வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலான கேள்வி ஒன்று உண்டு. நல்ல தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போகின்றது, உப்புத் தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போகின்றது? எந்த ஊரிலாகட்டும், குழாய் வரைபடத்தை ஜாதி வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்து இரண்டும் ஒன்றாயிருக்குமானால், அந்த ஊரில் பாறையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இருக்கின்ற மிருதுவான தண்ணீரையும் கடின நீரையும் ஒரே தொட்டியில் கலந்து எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரியாக விட்டாலே பல இடங்களில் கடினம் சகிக்கத்தக்க அளவுக்கு இறங்கிவிடும். கலக்கும் இரண்டு தண்ணீரிலும் கிருமியோ கெட்ட உப்போ இல்லையென்று மாத்திரம் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு வேண்டியது பணமல்ல, நியாய புத்தி.

கடைசியாக ஒரு வார்த்தை. வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராய்க் கேன் தண்ணீருக்கும், வீட்டு யந்திரத்துக்கும் மாறிக்கொண்டு வருகின்றார்கள். மாறிய மறுநாள் முதல் பொதுக் குழாயைப் பற்றிய கவலை அவர்களுக்கு இல்லாமற் போகின்றது. ஊரில் பேசத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள், அதிகாரியை எதிரே நின்று கேட்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் இப்படி விலகிக் கொண்டால், பொதுக் குழாய் ஏழையின் குழாயாகிவிடும். ஏழையின் குழாயில் எது வந்தாலும் கேட்பாரில்லை. பொதுப் பள்ளிக்கூடத்துக்கும் பொது ஆஸ்பத்திரிக்கும் வந்த கதி பொதுத் தண்ணீருக்கும் வரவேண்டாம் என்று எச்சரிக்கின்றோம்.

ஆகவே, கேன் வாங்கும் வீட்டாரும் குழாயில் பிடிக்கும் வீட்டாரும் ஒன்றாய்க் கிராம சபைக்குப் போகவேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆணோடு ஒரு பெண்ணும் போகவேண்டும். ஏனெனில் தண்ணீரின் வாகு அவளுக்குத்தான் தெரியும். அவள் எழுந்து நின்று, “எங்கள் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம்?” என்று கேட்கின்ற அன்றைக்குத் தலையெழுத்து என்பது அந்த ஊரைவிட்டுப் போக ஆரம்பிக்கும். அடுத்த சபை கூடும் தேதியை இன்றே குறித்துக் கொள்ளும்படி வாசகர்களை வேண்டிக் கொள்ளுகின்றோம்.